நம்ம கட்டடம் எழுந்த வரலாறு

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி தலைவி அக்கா கேட்டபோது, "சமையல் குறிப்பு எழுதட்டுமா" என்றுதான் கேட்டேன். "சமையல் குறிப்பு நாலு பேர் கொடுத்துட்டாங்க, நீ நம்ம கட்டடத்து வரலாற்றை எழுது, உனக்குத்தான் கணக்கு தெரியும்" என்று சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்து வரலாறு என்றால் என் தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் 22 குழுவில் ஒரு பெண்கூட நம்ப மாட்டாள்.

முதலில் ஏரியில் இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கத்தில் எந்த ஊர் வேலையை எடுத்தாலும் ஏரியில்தான் தொடங்கும். எங்கள் ஆயா சொல்லும், அவங்க சின்னப்பிள்ளையாக இருந்தபோது கோடை வந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போக வேண்டுமாம். மதகைச் சரி பார்ப்பது, கலங்கலில் அடைத்த முள்ளை எடுப்பது, கரையில் எலிவளை இருந்தால் மண் போட்டு மூடுவது எல்லாம் ஊரே செய்யும். டெண்டர் கிடையாது, பில் கிடையாது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயா இன்னொன்றும் சொல்லும். நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டு ஆளாகப் பண்ணையாளை அனுப்புவார்களாம். நிலமே இல்லாதவன் போய் அடுத்தவன் வயலுக்குத் தண்ணி வர மண் சுமந்தான். அதனால் யாராவது மேடையில் "அந்தக் காலத்தில் எல்லாரும் கூடிச் செய்தார்கள்" என்று பேசினால் எனக்கு ஆயாவின் முகம்தான் ஞாபகம் வரும்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1850-களில் பொதுப்பணித்துறை வந்தது. பெரிய ஏரி, அணை எல்லாம் இன்ஜினியர் கைக்குப் போனது. 1858-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டமும் போட்டார்கள், கட்டாய உழைப்புச் சட்டம் என்று. வெள்ளம் வந்து கரை உடையும் நிலைமை என்றால் ஊர் ஜனங்களை வேலைக்குக் கூப்பிடலாம், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவர்களிடம் தண்டம் வாங்கலாம். ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் போட்டுக் கூப்பிடும்படி ஆனது என்றால், அதற்குள்ளேயே பழைய ஏற்பாடு ஆட்டம் கண்டுவிட்டது என்றுதானே அர்த்தம். அப்புறம் எஸ்டிமேட், டெண்டர், காண்ட்ராக்டர் என்று ஆகிப்போனது. 2017-ல் அரசாங்கமே குடிமராமத்து என்ற பழைய பேரிலேயே திட்டம் கொண்டுவந்து, விவசாயிகள் சங்கத்திடம் வேலையைக் கொடுத்து, பத்து சதவீதம் அவர்கள் பங்காகப் போடச் சொன்னது உங்களுக்குத் தெரியும்.

வீடு கட்டுகிற கதையும் அப்படித்தான். இந்திரா குடியிருப்பு, அதாவது நாம் தொகுப்பு வீடு என்று சொல்கிறோமே, அது 1985-86-ல் ஆரம்பித்தது. அதில் காண்ட்ராக்டர் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும், பணம் தவணை தவணையாக வரும் என்பது விதி. நல்ல விதி. எங்கள் அம்மா வீடு அப்படிக் கட்டியதுதான். எங்கள் அப்பா மேஸ்திரி வேலை தெரிந்தவர், அதனால் அது ஒழுங்காக நின்றது. எதிர்வீட்டில் புருஷன் இல்லாத அத்தை ஒருத்தர். கடைக்கால் போட்டால்தான் முதல் தவணை வரும், கடைக்கால் போடக் கையில் காசு வேண்டும். அவர் என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டுப் பாஸ்புக்கை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டார். தெருவில் ஏழு வீடு அந்த ஆளே கட்டினான். விதியில் காண்ட்ராக்டர் இல்லை, தெருவில் இருந்தான். எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் ஒழுகும்.

நூறு நாள் வேலை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2005-ல் சட்டம், 2006 பிப்ரவரி 2-ல் ஆரம்பம். அந்தச் சட்டத்திலும் காண்ட்ராக்டர் கூடாது என்று இருந்தது. செலவில் 100-க்கு 60 ரூபாயாவது கூலிக்குப் போக வேண்டும், பொருளுக்கு 40-க்கு மேல் போகக்கூடாது என்றும் இருந்தது. நாம் வருஷா வருஷம் ஏன் மண்ணையே வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பல பேர் கேட்பார்கள். அந்தக் கணக்குதான் ஒரு காரணம். மண் வேலையில் கூலி அதிகம், சிமெண்ட் வேலையில் பொருள் செலவு அதிகம்.

நம்ம மகளிர் குழு வரலாறு தனிக் கட்டுரையாக இந்த மலரில் இருக்கும் என்று நினைக்கிறேன். 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தது, 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மற்ற மாவட்டங்களுக்கும் போனது. 2005-ல் புதுவாழ்வுத் திட்டம் வந்தபோது பணத்தைக் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கையிலேயே கொடுத்து, அதைச் சரிபார்க்கச் சமூக தணிக்கைக் குழு என்று தனியாக வைத்தார்கள். செலவு செய்கிறவர்கள் வேறு, சரிபார்க்கிறவர்கள் வேறு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

இப்போது நம்ம கட்டடம். முன்னாடி கூட்டம் எல்லாம் பள்ளிக்கூட வராண்டாவில் நடக்கும். மழை வந்தால் இல்லை, பரீட்சை வந்தால் இல்லை. பஞ்சாயத்தில் இடம் கொடுத்தார்கள். கூட்டமைப்பு வட்டி வருமானமும் குழுக்கள் போட்ட பணமும் சேர்த்து 6,40,000 ரூபாய் வைத்திருந்தோம். 2018 தை மாதம் தீர்மானம் போட்டோம். நாலு சதுரத்தில் ஒரு ஹால், சதுரம் 1,60,000 என்று முழுக் காண்ட்ராக்ட். ஆளைக் கொண்டுவந்தது நான்தான். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர், பக்கத்து ஊரில் இரண்டு மூன்று வீடு கட்டியிருந்தார். நான் அப்போது செயலாளர். "தெரிந்தவர்தானே, நம்மளுக்கு எந்த அலைச்சலும் இல்ல, சாவி வாங்கிக்கிட்டா போதும்" என்று கூட்டத்தில் நானே பேசினேன். எல்லாருக்கும் அந்தச் சாவி வார்த்தை பிடித்துப்போனது. வீட்டு வேலை, மாடு, பிள்ளைகள், நூறு நாள் வேலை என்று ஓடுகிறவர்களுக்கு வேறு எப்படி இருக்கும்.

முன்பணம் 1,50,000 கொடுத்தோம். கடைக்கால் தோண்டினார்கள். பேஸ்மட்டம் பாதி எழும்பியபோது இன்னும் ஒரு லட்சம் கேட்டார். வேலையை அளந்து பார்க்காமல், பில் வாங்காமல் செக்கில் நான் கையெழுத்துப் போட்டேன். தலைவி அக்கா என்னைப் பார்த்து, "சரிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள். நான் தலையாட்டினேன். பேஸ்மட்டத்தை முடித்ததோடு சரி, கம்பி விலை ஏறிவிட்டது, சதுரத்துக்கு இன்னும் கூடப் போட்டுக் கொடுத்தால்தான் முடியும் என்றார். அப்புறம் போன் எடுக்கவில்லை. ஆனி மாதத்தில் வேலை நின்றது. பேஸ்மட்டத்துக்குள்ளே எருக்கு முளைத்தது.

ரிட்டையர் ஆன ஓவர்சியர் ஒருவரைக் கூட்டிவந்து அளந்தோம். 2,50,000 கொடுத்திருக்கிறோம், நடந்த வேலை 1,60,000-க்குத்தான் வரும் என்றார். 90,000 போயே போச்சு. அந்த மாதக் கூட்டத்துக்கு 14 குழுதான் வந்தது. வராத 8 குழுவும் என்னால் வரவில்லை. கிணற்றடியில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். "அவ புருஷனுக்கு எவ்வளவு கொடுத்தானோ" என்று ஒருவர் சொன்னது என் காதுக்கே வந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் வாங்கவில்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது? என் வீட்டுக்காரரும் நானும் மூன்று மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. 2019-ல் ஆடி மாதம் அத்திவரதரைப் பார்க்க வேன் பிடித்துக் காஞ்சிபுரம் போனோமே, ஞாபகம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்துவிட்டு, திரும்புகிற வழியில் உத்திரமேரூரில் நிறுத்தினோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், குடவோலை முறை, பராந்தக சோழன், 919 மற்றும் 921-ம் வருஷம். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பேர் எழுதின ஓலையைக் குடத்தில் போட்டு, சின்னப்பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம் 6 பேர், தோட்ட வாரியம் 12 பேர், பொன்னைச் சோதிக்க வேறு வாரியம். 360 நாள்தான் பதவி. பரீட்சைக்குப் படித்தபோது எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்தேன்.

அன்றைக்கு அங்கே இருந்த பெரியவர் ஒருவர் இன்னொரு வரியை விளக்கிச் சொன்னார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டும் இல்லை, அவன் உறவுக்காரர்களும் வர முடியாது. யார் யார் என்று சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன், மாமனார் என்று வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறது. எனக்கு அங்கேயே கால் நடுங்கியது. கூட வந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது. (அந்த வாரியத்தில் சேர சொந்த நிலமும் வேதப் படிப்பும் வேண்டுமாம், நம்மில் ஒருத்தியும் உள்ளே போயிருக்க முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அடுத்த கூட்டத்தில் நோட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஒவ்வொரு ரூபாயையும் வாசித்தேன். பில் இல்லாத இடத்தில் "பில் இல்லை" என்று வாசித்தேன். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். சூளையில் வேலை செய்கிற அக்கா ஒருத்தர், எப்போதும் கூட்டத்தில் பேசவே மாட்டார்கள், அந்தத் தாளை எடுத்து மடித்து என் கையிலேயே திணித்தார்கள். "ஓடிப்போகப் பாக்கறியா? இருந்து முடி. ஆனா இனிமே நீ செக்குல கையெழுத்து போடாத. பில்லு மட்டும் எழுது" என்றார்கள். அன்றைக்குத்தான் வாங்குவதற்கு மூன்று பேர், சரிபார்க்க வேறு இரண்டு பேர் என்று பிரித்தோம்.

அப்புறம் எப்படிக் கட்டுவது என்ற பேச்சு. முதலில் சண்டைதான். பாதிப் பேர், "மறுபடியும் முழுக் காண்ட்ராக்டா, சத்தியமா வேணாம், நாமளே எல்லாம் செய்வோம்" என்றார்கள். பாதிப் பேர், "நமக்கு என்ன தெரியும், ரூஃப் இடிஞ்சு விழுந்தா யார் பொறுப்பு" என்றார்கள். ஓவர்சியர் ஐயா ஒரு வார்த்தை சொன்னார்: "அம்மா, வீடு முழுக்க ஒரே வேலை இல்ல. பத்து வேலை சேர்ந்ததுதான் வீடு. எது உங்களுக்குத் தெரியும், எது தெரியாதுன்னு முதல்ல எழுதுங்க." கரும்பலகையில் எழுதினோம். நம்மில் 30 பேருக்கு மேல் சித்தாள் வேலை செய்தவர்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. கலவை எத்தனைக்கு எத்தனை, நல்ல செங்கல் தட்டினால் எப்படிச் சத்தம் வரும், ஜல்லியில் தூசி எவ்வளவு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், எல்லாம் தெரியும். மின்சார வேலை ஒருத்திக்கும் தெரியாது.

அதன்படியே பிரித்தோம். சுவருக்கும் பூச்சுக்கும் மேஸ்திரியிடம் கூலிக் காண்ட்ராக்ட், பொருள் எல்லாம் நம்ம மூன்று பேர் வாங்குவது. கூரைக்குச் சென்ட்ரிங் குழுவிடம் ஒரே தொகை பேசினோம், ஏனென்றால் அது ஒரே நாளில் நிற்காமல் முடிக்கிற வேலை, மிஷின் வேண்டும், ஆள் பழக்கம் வேண்டும். கம்பியும் சிமெண்டும் அதற்கும் நம்முடையதுதான், கம்பி கட்டி முடித்ததும் ஓவர்சியர் பார்த்த பிறகுதான் கான்கிரீட். மின்சாரம் மட்டும் பொருளோடு சேர்த்து லைசென்ஸ் உள்ளவரிடம் முழுசாக விட்டோம். பணம் எல்லாவற்றுக்கும் வேலையை அளந்த பிறகுதான்.

சித்தாள் வேலைக்குக் கூலி தரலாமா என்பதில் இன்னொரு தகராறு. "நம்ம கட்டடத்துக்கு நாமளே கூலி வாங்கறதா, ஆளுக்கு ரெண்டு நாள் சும்மா செய்வோம்" என்று சிலர் பெருமையாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் பெரும்பாலும் மாடு, நிலம் உள்ளவர்கள். தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிற ஒரு தங்கச்சி, "அக்கா, ரெண்டு நாள் கூலி இல்லாம எங்க வீட்டுல உலை வைக்க முடியாது" என்று எழுந்து நின்று சொன்னாள். எங்கள் ஆயா சொன்ன பண்ணையாள் கதையை நான் சொன்னேன். கடைசியில் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஊர்க் கூலி, தண்ணி இறைக்க, சுவருக்குத் தண்ணி விட மட்டும் குழுவுக்கு ஒரு நாள் இலவசம் என்று முடிவானது. தண்ணி விடுகிற முறை யாருக்கும் தவறவில்லை, பொங்கலன்றுகூட விட்டார்கள்.

திட்டத்தையும் மாற்றினோம். பழைய வரைபடத்தில் கக்கூஸ் இல்லை. வாசல் சாக்கடைப் பக்கம் பார்த்து இருந்தது. படி ஒரு முழ உயரம், முட்டிவலிக்காரப் பாட்டிகள் எப்படி ஏறுவார்கள்? பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு ஓரம் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சாவி கையில் வந்தால் போதும் என்று இருந்தோமே. இப்போது வாசலைத் தெருப்பக்கம் திருப்பி, படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை வைத்து, பின்னால் ஒரு கக்கூஸ், ஒரு தடுப்பு எல்லாம் சேர்த்தோம். கூலிக் காண்ட்ராக்டாக இருந்ததால் மாற்ற முடிந்தது. முழுக் காண்ட்ராக்டில் ஒரு ஜன்னலை நகர்த்தினாலும் தனிக் காசு கேட்பார்கள்.

இதனால் கூலிக் காண்ட்ராக்ட்தான் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டுக்கு மூன்று கடை ஏறி இறங்கினோம். ராத்திரி கம்பிக்குக் காவல் படுத்தோம். ஐப்பசி மழையில் தார்ப்பாய் காற்றில் பறந்து 11 மூட்டை சிமெண்ட் கல்லாகிப்போனது, யாரைக் குறை சொல்வது? வாங்கும் குழுவில் இருந்த மூன்று பேரில் ஒருத்தியின் மாமியார், "இந்தக் கட்டடத்தையே கட்டிக்க" என்று சோறு போடாமல் இருந்தார். மழையில் சுவர் வேலையை நிறுத்திவிட்டு, கூலி வீணாகாமல் இருக்க கக்கூஸ் குழியை முடித்தோம். வரிசையை மாற்றியதில் மேஸ்திரிக்குக் கோபம், இரண்டு நாள் வரவில்லை. தலைவி அக்கா போய்ப் பேசிக் கூட்டிவந்தார்கள்.

2020 தை மாதம் கூரை போட்டோம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டு மணிக்கு முடிந்தது. பூச்சும் தரையும் பாக்கி இருக்கும்போது மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. மறுபடியும் நின்றதா என்று எனக்குப் பயம். ஆனால் கூரை இருந்தது, நாலு பக்கமும் காற்று இருந்தது. தையல் தெரிந்த ஒன்பது பேர் மிஷினைக் கொண்டுவந்து தள்ளித் தள்ளிப் போட்டு முகக்கவசம் தைத்தார்கள். பூசாத சுவருக்குள்தான் நம்ம கட்டடம் முதல்முதலில் வேலை செய்தது. தையல் மிஷினுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லித்தான் கிழக்கே இன்னொரு ஜன்னல் உடைத்து வைத்தோம்.

2021-ல் திறந்தோம். கணக்கு இது. காண்ட்ராக்டருக்குப் போனது 2,50,000. கையில் மிச்சம் இருந்தது 3,90,000. பத்தாமல் 22 குழுவும் குழுவுக்கு 3,000 வீதம் 66,000 போட்டது, வராமல் இருந்த 8 குழுவும் சேர்த்துத்தான். அதில் செலவானது 4,52,000. மிச்சம் 4,000 கூட்டமைப்புக் கணக்கில் இருக்கிறது. ஆக மொத்தச் செலவு 7,02,000. முதலில் பேசியதைவிட 62,000 அதிகம். தொலைந்த 90,000 தொலையாமல் இருந்தால் 28,000 குறைவாக, கக்கூஸோடு சேர்த்து முடித்திருப்போம். வாங்குகிற குழு நடந்த நடைக்கும் காவல் படுத்ததற்கும் கூலி போட்டால் அந்த 28,000 காணாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான். 90,000 இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கல்லாகிப்போன 11 மூட்டையையும் மேஸ்திரி வேப்பமரத்தடியில் வரிசையாகப் போட்டுப் பூசிக் கொடுத்தார். கூட்டத்துக்குச் சீக்கிரம் வருகிறவர்கள் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், மாடு உள்ளே வருகிறது. மேஸ்திரி கூலிக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார். ரெடிமேட் சிலாப் போடுகிற ஆள் பொருளோடு முழுத்தொகையாக ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார், இரண்டே நாளில் முடித்துவிடுவாராம். வருகிற இரண்டாவது சனிக்கிழமை கூட்டத்தில் இரண்டையும் வாசிக்கிறேன். எல்லாக் குழுவும் வந்துவிடுங்கள்.